மேடிசன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஒரு பெயரின் தடத்தைத் தேடும் வழி

அமெரிக்காவில் 1984-க்கு முன் பிறந்த பெண்களில் மேடிசன் என்று பெயர் உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 2001-இல் பிறந்த பெண் குழந்தைகளில் மட்டும் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தப் பெயர். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒரு கடல்கன்னி படம் வந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பொய் இல்லை. ஆனால் ஒரு பெயரின் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு அந்த ஒரு வரி போதாது.

நான் நியூ ஜெர்சியில் ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். 2000-களின் பின்பாதியில் ஒரே வகுப்பில் மூன்று மேடிசன்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேடிசன் பி., மேடிசன் கே., மேடிசன் டபிள்யூ. என்று குடும்பப் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்துத்தான் கூப்பிட முடியும். ஒருத்தி 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'ஒய்' எழுதுவாள், இன்னொருத்திக்கு இரண்டு 'டி'. புத்தகம் திருப்பித் தராதவர்கள் பட்டியலை அச்சடிக்கும்போது இந்த எழுத்துக்களைக் கவனிக்காவிட்டால் வேறு வீட்டுக்குக் கடிதம் போய்விடும். மதுரையில் இருக்கும் அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அது என்னடி பேரு, மருந்து மாதிரி இருக்கு? யாருடி முதல்ல வச்சா?" என்று கேட்டார். அத்தை கேட்ட இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. அப்போது தேட ஆரம்பித்தவள், இன்றும் பள்ளிக்குப் புதிதாக ஒரு பெயர் வந்தால் அதே வழியில் தேடிப் பார்க்கிறேன். அந்த வழியைத்தான் இங்கே மேடிசனை வைத்துச் சொல்கிறேன். எந்தப் பெயருக்கும் இது பொருந்தும்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெயர் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. ஏன் பரவியது என்பது இன்னொன்று. பெயர்ப் புத்தகங்களும் இணையத்தில் இருக்கும் 'பெயரும் பொருளும்' பட்டியல்களும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதுக்கும் அதுவே பதில் என்பதுபோல விட்டுவிடுகின்றன. மேடிசன் என்று தேடினால் "மாடின் மகன்" அல்லது "மேத்யூவின் மகன்" என்று வரும். மாட் என்பது மட்டில்டா என்ற பெயரின் சுருக்கம். இது இடைக்கால இங்கிலாந்தில் உருவான குடும்பப் பெயர் என்ற அளவில் சரிதான். ஆனால் 2001-இல் மகளுக்கு இந்தப் பெயரை வைத்த பெற்றோர் யாரும் 'மகன்' என்ற பொருளைப் பார்த்து வைக்கவில்லை என்பது வெளிப்படை. அதனால் பொருளை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பரவியது ஏன் என்ற கேள்விக்கு எண்ணிக்கை வேண்டும். அமெரிக்கப் பெயர்கள் என்றால் அந்த எண்ணிக்கை இலவசமாகக் கிடைக்கிறது.

எண்ணிக்கை எங்கே இருக்கிறது

அமெரிக்காவில் குழந்தை பிறந்ததும், பிறப்புப் பதிவோடு சேர்த்து சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு (வேலை, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அரசு தரும் எண்) விண்ணப்பித்துவிடுவார்கள். அந்த விண்ணப்பங்களில் உள்ள முதல் பெயர்களை எண்ணி, அந்த எண்ணைக் கொடுக்கும் அரசுத் துறையான சோஷியல் செக்யூரிட்டி அட்மினிஸ்ட்ரேஷன் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம், அன்னையர் தினத்தை ஒட்டி வெளியிடுகிறது. இந்தப் பட்டியல் பிறந்த கதையே அழகானது. அங்கே காப்பீட்டுக் கணக்கு நிபுணராக வேலை பார்த்த மைக்கேல் ஷாக்கில்ஃபோர்டு தன் குழந்தை பிறக்கப்போகும் சமயத்தில், 1997-இல், இதைத் தொகுத்து இணையத்தில் போட்டார். பல பத்தாண்டுகளாக ஆண் பெயர்களில் முதலிடத்தில் இருந்த மைக்கேல் என்ற பெயரைச் சுமந்தவர் அவர். எல்லோருக்கும் இருக்கும் பெயர் தன் குழந்தைக்கு வேண்டாம் என்று நினைத்தார். எது எல்லோருக்கும் இருக்கிறது என்று தெரிந்தால்தானே தவிர்க்க முடியும்? ஒரு அப்பாவின் அக்கறையில் தொடங்கிய அந்த வேலைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்தத் தளத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெயரைத் தட்டி, பெண் என்று தேர்வுசெய்தால் ஆண்டு வாரியாக அது எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று காட்டும் பெட்டி. முதல் ஆயிரத்துக்குள் வந்த ஆண்டுகளை மட்டுமே அது காட்டும். அவசரத்துக்கு இது போதும். இரண்டாவது வழி, முழுக் கோப்புகளையும் இறக்கிக்கொள்வது. 1880 முதல் ஆண்டுக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு வரியிலும் பெயர், பாலினம், எண்ணிக்கை மூன்றும் காற்புள்ளி போட்டுப் பிரித்திருக்கும். ஆண்டு உள்ளே இருக்காது, கோப்பின் பெயரில்தான் இருக்கும். ஆகவே எக்செலில் திறக்கும்போது ஆண்டுக்கென்று ஒரு பத்தியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். 1880-ஆம் ஆண்டுக் கோப்பில் 2,000 வரிகள்தான். 2001-க்கு ஏறக்குறைய 30 ஆயிரம் வரிகள் வரும். பழைய மடிக்கணினியாக இருந்தால் எல்லா ஆண்டுகளையும் ஒன்றாகத் திறக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய பெயரை மட்டும் வடிகட்டி, தனித் தாளில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆண்டுக்குப் போங்கள்.

மாநில வாரியான கோப்புகளும் 1910 முதல் உண்டு. பெயர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்க்க அவை உதவும். முதல் தடவை தேடுகிறவர்கள் தேசியக் கோப்போடு நின்றால் போதும்.

எண்களை நம்புவதற்கு முன்

இந்தக் கோப்புகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர் பட்டியலில் வராது. தனியுரிமைக்காக அப்படிச் செய்கிறார்கள். ஆகவே கோப்பில் ஒரு பெயர் இல்லை என்றால் அந்த ஆண்டில் அது யாருக்குமே வைக்கப்படவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நாலு பேர் இருந்திருக்கலாம்.

சோஷியல் செக்யூரிட்டி சட்டம் 1935-இல் வந்தது. 1937-க்கு முன் பிறந்தவர்களில் நிறையப் பேர் அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. 1880, 1890 என்று பழைய ஆண்டுகளில் தெரியும் எண்ணிக்கை, பின்னாளில் விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கைதான். அந்த ஆண்டுகளில் பிறந்த எல்லோருடையதும் அல்ல.

பாலினப் பத்தியிலும் தவறுகள் உண்டு. விண்ணப்பத்தில் கட்டம் மாறி விழுந்த குறி திருத்தப்படாமல் அப்படியே கோப்பில் ஏறியிருக்கும். ஒரு பெண் பெயர் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் ஆண் பட்டியலிலும் அது எட்டிப்பார்ப்பதற்கு இது ஒரு காரணம். ஜெனிஃபர் என்ற பெயர் 1970-களில் ஆண்கள் பக்கத்திலும் தெரிவதைப் பார்த்தால் விஷயம் புரியும். மேடிசன் 1990-களின் ஆண் பட்டியலில் வருவதைப் பார்த்து 'பையன்களுக்கும் திரும்பவும் வைக்க ஆரம்பித்தார்கள்' என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

எழுத்துக்கூட்டல் மாறினால் அது தனிப் பெயர். மேடிசனுக்கு வழக்கமான எழுத்துக்கூட்டல் ஒன்று இருக்கிறது. அதைத் தவிர இரண்டு 'டி' போட்டது, நடுவில் 'ஒய்' போட்டது, கடைசியில் 'ஓ'-வுக்குப் பதில் 'ஒய்' போட்டது என்று பல உண்டு. காதுக்கு எல்லாம் ஒன்றுதான், கோப்புக்கு வேறு வேறு. வகுப்பறையில் எத்தனை மேடிசன்கள் இருப்பார்கள் என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். பெயரின் தொடக்க மூன்று எழுத்துக்களை வைத்து வடிகட்டுங்கள். அப்புறம் கண்ணால் பார்த்து மேடலின், மேடக்ஸ் மாதிரி வேறு பெயர்களை நீக்குங்கள். இந்தக் கடைசி வேலையைச் சூத்திரத்திடம் விடாதீர்கள். கையால் செய்யும்போதுதான் பெற்றோர் எப்படியெல்லாம் யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இன்னொன்று. இடத்தை மட்டும் பார்க்காமல் பங்கையும் பாருங்கள். மேடிசன் 2001, 2002 இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாம் இடம், எமிலிக்கு அடுத்து. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 2001-இல் அமெரிக்காவில் பிறந்த பெண் குழந்தைகள் ஏறக்குறைய 20 லட்சம். அதில் மேடிசன்கள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். 1880-ஆம் ஆண்டுக் கோப்பில் மேரி மட்டும் நூற்றுக்கு ஏழு. இப்போதெல்லாம் முதலிடத்தில் இருக்கும் பெண் பெயர்கூட நூற்றுக்கு ஒன்றைத் தொடுவதில்லை. பெற்றோர் எடுக்கும் பெயர்கள் விரிந்துகொண்டே போகின்றன. முன்காலத்தில் ஒரு பெயர் பத்தாவது இடத்தில் இருந்ததும் இன்று பத்தாவது இடத்தில் இருப்பதும் ஒன்றல்ல. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பெண் குழந்தைகள் என்ற மொத்தக் கணக்கையும் அதே தளத்தில் தனி அட்டவணையாகக் கொடுத்திருக்கிறார்கள். பெயரின் எண்ணிக்கையை அதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். ஒரு பத்தி கூடுதல் வேலைதான். ஆனால் அது இல்லாமல் நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு பெயர்களை ஒப்பிடவே முடியாது.

பெண் பெயராகும் முன் அது என்னவாக இருந்தது

எண்ணிக்கையைப் பார்த்தாகிவிட்டது. இப்போது பின்னோக்கிப் போக வேண்டும். மேடிசனின் மிக வளமான பகுதி இதுதான், படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இதை மொத்தமாகத் தவறவிடுகிறார்கள்.

ஜேம்ஸ் மேடிசன் அமெரிக்காவின் நான்காவது அதிபர், 1809 முதல் 1817 வரை. அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு அவருடையது. நாட்டின் தலைவர்களுடைய குடும்பப் பெயரை மகனுக்கு முதல் பெயராக வைப்பது அங்கே பழைய வழக்கம். வாஷிங்டன், ஜெஃபர்சன் என்று வைத்ததுபோல் மேடிசன் என்றும் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அது ஆண் பெயர்.

அந்த ஆண் மேடிசன்களில் ஒருவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மேடிசன் ஹெமிங்ஸ், 1805-இல் வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய அம்மா சாலி ஹெமிங்ஸ். தன் அப்பா ஜெஃபர்சன்தான் என்று 1873-இல் ஒஹையோவில் ஒரு செய்தித்தாளுக்குச் சொன்ன தன் வாழ்க்கைக் குறிப்பில் அவர் பதிவு செய்திருக்கிறார். பெயர் வந்த கதையும் அதே குறிப்பில் உண்டு. தான் பிறந்தபோது ஜேம்ஸ் மேடிசனின் மனைவி டாலி அங்கே இருந்ததாகவும், குழந்தைக்குத் தான் பெயர் வைக்கிறேன், அதற்குப் பதிலாக நல்ல பரிசு தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னதாகவும், அந்தப் பரிசு வரவே இல்லை என்றும் சொல்கிறார். பெயரும் பொருளும் பட்டியலில் 'மாடின் மகன்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இப்படி ஒரு அம்மா ஏமாந்து நின்றதும் இருக்கிறது. ஒரு பெயரின் தோற்றம் என்று எழுதும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

அதிபரின் பெயர் ஊர்களுக்கும் போனது. 1836 ஜூன் 28 அன்று அவர் இறந்தார். அதே ஆண்டில் விஸ்கான்சினில் திட்டமிடப்பட்ட புதிய தலைநகருக்கு மேடிசன் என்று பெயர் வைத்தார்கள். நியூயார்க்கில் மேடிசன் சதுக்கம் வந்தது. அப்புறம் மேடிசன் அவென்யூ.

அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கதை அங்கேதான் திரும்புகிறது. நியூயார்க்கின் மான்ஹாட்டன் தீவுக்கு 1811-இல் போட்ட சாலைத் திட்டத்தில் நீளவாட்டுச் சாலைகளுக்கு முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்களைக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் மேடிசன் அவென்யூவே கிடையாது. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்று, சாமுவேல் ரகிள்ஸ் என்ற வழக்கறிஞரும் நில முதலீட்டாளருமானவர் முயற்சி எடுத்து 1830-களில் ஒரு சாலையை நுழைக்க வைத்தார். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் எண் ஏது? அதனால் அதற்குப் பெயர் கிடைத்தது. அந்தச் சாலை முதல் திட்டத்திலேயே இடம்பெற்று ஓர் எண்ணோடு வந்திருந்தால் 1984-இல் வந்த அந்தக் கடல்கன்னி படத்தில் பெயர் வைக்கும் காட்சியே இருந்திருக்காது.

இந்தப் பின்னோக்கிய தேடலுக்கு எங்கே போவது? அமெரிக்கப் பழைய செய்தித்தாள்களை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் 72 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வரும். 1950-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. கையெழுத்துப் படிவத்தில் ஒரு பெண்ணுக்கு மேடிசன் என்று கண்டால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். குடும்பப் பெயர் இடம் மாறி ஏறியிருக்கிறதா, பக்கத்து வரியின் பாலினம் இதில் விழுந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டச்சு செய்த அட்டவணையை மட்டும் நம்பாமல் மூலப் படிவத்தையே திறந்து பார்ப்பது நல்லது.

படத்தின் பங்கை எப்படிச் சோதிப்பது

'ஸ்பிளாஷ்' 1984 மார்ச் 9 அன்று வெளியானது. ரான் ஹோவர்டு இயக்கம், டாம் ஹாங்க்ஸும் டேரில் ஹானாவும் நடித்தார்கள். கடலிலிருந்து கால் முளைத்து நியூயார்க்குக்கு வந்த கடல்கன்னியின் சொந்தப் பெயரைக் கடல்மொழியில் உச்சரித்தால் கடையிலிருந்த தொலைக்காட்சித் திரைகள் வெடித்துச் சிதறும். சரி, ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைக்கலாம் என்று அவளும் நாயகனும் தெருவில் நடந்தபடி பேசிக்கொள்கிறார்கள். எங்கே இருக்கிறோம் என்று பார்க்கும்போது சாலைப் பலகையில் மேடிசன். அது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறாள். அது பெயரே இல்லையே என்கிறான் அவன். பிறகு சரி, மேடிசன் என்றே இருக்கட்டும், நல்லவேளை 149-ஆம் தெருவில் நிற்கவில்லை என்கிறான். அரங்கு சிரிப்பதற்காக எழுதிய வசனம் அது. 1984 வரை ஒரு பெண்ணுக்கு மேடிசன் என்பது சிரிப்பு வரவழைக்கும் பெயராக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு கிடைக்காது. பெயர் தேடுகிறவர்களுக்கு நகைச்சுவை வசனங்கள் பொக்கிஷம். ஒரு பெயர் அந்தக் காலத்துக் காதில் எப்படி விழுந்தது என்று புள்ளிவிவரக் கோப்பு சொல்லாது, வசனம் சொல்லும்.

இப்போது தேதியை எண்ணோடு வைத்துப் பாருங்கள். 1984 வரை பெண் பெயர்களில் முதல் ஆயிரத்தில் மேடிசன் இல்லை. 1985-இல் 628-ஆவது இடம். 1990-இல் 216. 1995-இல் 29. 1997-இல் 10. 2000-இல் 3. பிறகு இரண்டு ஆண்டுகள் 2. படம் வந்த அடுத்த ஆண்டே பட்டியலில் நுழைந்திருக்கிறது, ஆகவே படத்தின் பங்கை மறுக்க வழியில்லை. ஆனால் 628-லிருந்து 2-க்குப் போக 16 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஒரு படத்தின் மவுசு இவ்வளவு நாள் நிற்காது. படம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று இங்கேதான் பிரிக்க வேண்டும்.

ஒப்பிட இரண்டு பெயர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லிண்டா ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த பெயர். அதே பெயரில் ஒரு பாட்டு 1947-இல் வானொலியெல்லாம் ஒலித்தபோது, அந்த ஆண்டே மேரியை முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்த ஆண்டில் பிறந்த பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் லிண்டா. இன்னொன்று நெவேயா, சொர்க்கத்துக்கான ஆங்கிலச் சொல்லைத் திருப்பி எழுதிய பெயர். 1999-இல் எட்டே பேர். 2000-இல் பி.ஓ.டி. இசைக்குழுவின் பாடகர் சன்னி சாண்டோவல் எம்டிவி நிகழ்ச்சியில் தன் மகளின் பெயரைச் சொன்னார். 2001-இல் அது ஆயிரம் பேருக்கு மேல் வைக்கப்பட்டு, நேராக 266-ஆவது இடத்தில் நுழைந்தது. இந்த இரண்டு கோடுகளும் செங்குத்தாக ஏறும். மேடிசனின் கோடு சரிவாக, விடாமல் ஏறும். எக்செலில் மூன்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சரிவான கோடு என்றால் தீக்குச்சியைவிடச் சருகைப் பற்றி அதிகம் விசாரிக்க வேண்டும்.

என்ன சருகு? அந்த முதல் கோப்புகளுக்கே திரும்பி 1984-இன் பெண் பெயர்களைப் பாருங்கள். 1970 முதல் 1984 வரை, 15 ஆண்டுகள் ஜெனிஃபர்தான் முதலிடம். வகுப்புக்கு நாலு ஜெனிஃபர் என்றிருந்த காலத்தில் புதுசுக்கு ஏங்கிய பெற்றோர் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே தேடினார்கள் என்பதும் பட்டியலில் தெரிகிறது. ஆஷ்லி, கோர்ட்னி, விட்னி, லிண்ட்ஸே, டெய்லர், மார்கன். எல்லாம் குடும்பப் பெயராகவோ ஆண் பெயராகவோ இருந்து பெண்கள் பக்கம் வந்தவை. ஆஷ்லி 1991, 1992-இல் முதலிடத்துக்கே போனது. 'சன்' என்று முடிவது பெண் பெயருக்கு ஒத்துவராது என்று நினைத்தால், அலிசன் ஏற்கெனவே பெண்களிடம் நன்றாகப் பழகிய பெயர். ஆக, மேடிசன் வந்து இறங்கியபோது அதன் ஓசையும் சாயலும் யாருக்கும் அந்நியமாக இல்லை. இதே படத்தில் நாயகி வேறொரு எண்ணுள்ள சாலையிலோ, கடினமான பெயருள்ள சாலையிலோ நின்றிருந்தால் படம் அதே அளவு ஓடியிருந்தாலும் பெயர் ஓடியிருக்காது என்பது என் முடிவு.

போட்டிக் காரணம் ஒன்றையாவது தேடிச் சோதிப்பதும் அவசியம். 1985 மார்ச்சில் 'மூன்லைட்டிங்' என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அதில் சிபில் ஷெப்பர்டு நடித்த கதாபாத்திரம் மேடி ஹேஸ். முழுப்பெயர் மேடிசன் இல்லை, மேடலின் வகையைச் சேர்ந்தது. ஆனால் 'மேடி' என்ற கூப்பிடும் பெயர் நாடு முழுக்க வாரா வாரம் காதில் விழுந்தது. கூப்பிட ஒரு செல்லப்பெயர் தயாராக இருந்தால் முழுப்பெயர் வைப்பது எளிது. மேடிசனின் ஏற்றத்தில் இந்தத் தொடருக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இதைச் சோதிக்க மேடலினின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அதே ஆண்டுகளுக்கு எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறுவது தெரியும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2000-இல் அமெரிக்காவில் முதல் குழந்தை பெறும் தாயின் சராசரி வயது ஏறக்குறைய 25. படம் வந்தபோது அவருக்கு 9 வயது இருக்கும். படத்தைத் தொலைக்காட்சியிலும் வீடியோ நாடாவிலும் பார்த்து வளர்ந்த சிறுமிக்கு அது வேடிக்கைப் பெயராகத் தெரிந்திருக்காது, அழகான கடல்கன்னியின் பெயராகவே மனதில் பதிந்திருக்கும். 1990-களின் கடைசியில் பெயர் வைத்த பலர் படத்தைப் பார்த்தேயிருக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயராகத்தான் கேட்டிருப்பார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த அம்மாக்களிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது பெரும்பாலும் "கேட்க நன்றாக இருந்தது" என்றுதான் சொன்னார்கள். கடல்கன்னியை யாரும் தாங்களாகச் சொல்லவில்லை. ஆகவே ஒரு பெயரைத் தேடும்போது அதை வைத்தவர்களிடமும் பேசுங்கள். மரியாதையாக, 'ஏன் இதை வைத்தீர்கள்' என்று நேராகக் கேட்காமல் 'எங்கே முதலில் கேட்டீர்கள்' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். இரண்டாவதுக்கு ஊர், ஆள், ஆண்டு எல்லாம் வரும்.

இறக்கத்தையும் பாருங்கள். மேடிசன் 1997 முதல் 2014 வரை முதல் பத்தில் இருந்தது, 2015-இல் வெளியேறியது. 18 ஆண்டுகள் என்பது ஒரு சினிமாப் பெயருக்கு நீண்ட ஆயுள். அது போகும்போது தன் ஓசையை விட்டுவிட்டுப் போனது. முதல் ஓசை மட்டும் நீங்கிய அடிசன் 2000-களில் வேகமாக ஏறியது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கான பெயர்ப் பட்டியலைப் பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 1996-லிருந்து தருகிறது. மூன்று குழந்தைகளுக்கு வைத்திருந்தாலே அங்கே பெயர் ஏறிவிடும் என்பதால் அபூர்வப் பெயர்களுக்கு அது இன்னும் நல்லது. இரண்டு 'டி' போட்ட மேடிசனை அங்கே கணிசமாகப் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு

இதைப் படிக்கும் பலர் யாழினி, நிலா, ஓவியா என்று கேட்பீர்கள் என்று தெரியும். நம் ஊரில் ஆண்டுதோறும் இப்படி ஒரு பெயர்ப் பட்டியல் வெளியாவதில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயரும் வயதும் பாலினமும் தமிழில் இருக்கின்றன. ஒரு பகுதியின் பட்டியலை எடுத்து வயதுவாரியாகப் பிரித்தால் 70 வயதுக்காரர்களின் பெயர்களும் 20 வயதுக்காரர்களின் பெயர்களும் எப்படி வேறுபடுகின்றன என்று நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆகி வேறு ஊரிலிருந்து வந்த பெண்களும் அதில் இருப்பார்கள் என்பதால் 'இந்த ஊரில் பிறந்தவர்கள்' என்று எழுதக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வரமாட்டார்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் பள்ளிப் பெயரும் வேறாக இருக்கும் வழக்கம் நமக்கு உண்டு, பட்டியலில் இருப்பது இரண்டாவதுதான். நட்சத்திரத்துக்கு வந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்று தேடி வைத்த பெயர்களும் நிறைய இருக்கும். அதையும் வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எவருடைய முழுப்பெயரையும் முகவரியையும் நீங்கள் எழுதுவதில் வெளியே விடாதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும்.

தேடி முடித்ததை எழுதும்போது ஒரு பக்கத்தில் ஆண்டு, இடம், எண்ணிக்கை, நூற்றுக்கு எத்தனை என்ற அட்டவணை, அடுத்த பக்கத்தில் காரணங்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் அது எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதுங்கள். தேதி எண்ணிக்கை ஏறியதற்குப் பின்னால் இருந்தால் அந்தக் காரணத்தை அடித்துவிடுங்கள், எவ்வளவு பிடித்த கதையாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு மே மாதமும் புதிய கோப்பு வந்ததும் ஒரு வரியைச் சேர்த்து, எழுத்துக்கூட்டல் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று வடிகட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.